மாதிரி எண் பதினேழு

லகுமய்யாவின் அரை ஏக்கர் ராகியை
விடிவதற்குள் முடித்துவிட்டு
ஏரிக்கரைப் புங்கமரத்தில்
கன்னத்தைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது.
கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கறுப்பு ஈரம்.
டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறி நின்று
பஞ்சில் ஒற்றி எடுத்தேன்.

"இளசு" என்றார் கீழே இருந்தே.
"முத்தின கொம்பன்னா வீச்சம் தாங்காது.
இது தேனு."

தேன்தான்.
அடை பிழிந்த கையைக்
கழுவாமல் விட்ட மாதிரி.

தேன்கனிக்கோட்டையில் உரக்கடைக்கு மேலே
என் வாடகை அறை, ஒரு ஸ்பிரிட் விளக்கு.
பழம்பாட்டில் கடாம் வழிந்தால் வண்டு மொய்க்கும்.
இங்கே ஒரு கட்டெறும்பு வந்தது,
பஞ்சை ஒரு சுற்றுச் சுற்றியது,
ஜன்னல் வழியே இறங்கிப் போனது.
பெனடிக்ட் கரைசலும் அதன் கட்சி:
கொதித்துக் கொதித்து நீலமாகவே நின்றது.

வாசம் வேறு, காற்றில் ஏறிப் போகிற சரக்கு.
சர்க்கரை வேறு.
புரதத்தின் முதுகில் முடிச்சாய்க் கிடக்கும்,
நாக்குக்கும் தெரியாது, எறும்புக்கும் தெரியாது.
அமிலம் விட்டு மூன்று மணி நேரம் வேகவைத்தேன்.
காரம் சேர்த்து அடக்கினேன்.
திரும்ப நீலத்தை ஊற்றினேன்.
பச்சை.
மஞ்சள்.
பிறகு சூளைச் செங்கல்.

எதற்கு இந்த முடிச்சு?
வாசத்தை வெயில் குடித்துவிடாமல்
பிடித்துவைக்கவா?
பின்னால் வரும் பெரியவனிடம்
'நான் சின்னப் பயல், சண்டைக்கில்லை' என்பதை
மரம் மூன்று நாள் சொல்லிக்கொண்டிருக்கவா?
நோட்டில் கேள்விக்குறி போட்டேன்.
அதைச் சுற்றி ஒரு வட்டமும்.

சாயங்காலம் நஷ்டஈட்டுப் படிவத்தோடு
படியேறி வந்த லகுமய்யா
சோதனைக்குழாயைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.
"யாரோடது அது?
அஞ்செட்டி ஆஸ்பத்திரியில எனக்கும்
இப்படித்தான் செவந்துச்சு."
ஆனையோடது என்றேன்.
"அதுக்குமா சுகரு?"

இல்லை என்று விளக்க வாயெடுத்தேன்.
அவர் அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து
இருமல் வரும்வரை சிரித்தார்.
"அரிசியை விடு, ராகி தின்னு, கொறையும்னாரு டாக்டரு.
நான் வெதைச்சேன்.
பத்தியம் அது இருந்துட்டுப் போயிருக்கு."

படிவத்தில் 'சேதத்தின் தன்மை' என்ற இடத்தில்
அவர் சொன்னதை எழுத முடியவில்லை.
அரை ஏக்கர் என்று எழுதினேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டு
பஞ்சுக் குப்பியைத் திறந்து
ஒருமுறை மோந்து பார்த்தார்.
"நாளைக்கும் வரும்,
வயசு அப்படி" என்று
மூடியைத் திருகி இறுக்கினார்.