மணிக்கட்டு

தண்டர் பே தானியக் கிடங்கில் முப்பது வருடம்.
அந்த இரைச்சல் என் காதைத் தின்றது.
அதன்பின் லெம்பி பேசுவதை
உதட்டில்தான் வாசிக்கிறேன்.

சர்க்கரை வந்தபின் அவள் வயிறு நகர மறுத்தது.
நேற்றைய சூப் இன்றும் அங்கேயே கிடக்கும்.
சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, படுக்கப்போகையில் ஒன்று.
பன்னிரண்டு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று
மடித்த தாளில் போட்டிருந்ததாம்.
யார் பிரித்தார்கள்?
சுப்பீரியர் ஏரி நான்கு முறை உறைந்து உருகிவிட்டது.

மார்ச்சில் ஒரு மாலை
பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.
உதடு அசைந்தது.
"என்ன?" என்றேன்.
தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லையென்று.
மறுபடி குவிந்தது, சப்புக்கொட்டியது,
நாக்கு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது.
"என்னைத் திட்டுகிறாயா?"
"நான் வாயே திறக்கலையே, ஓர்வோ."
இதுவரை வாசித்தேன்.
இதற்குப் பின் வந்தது எந்த மொழியிலும் இல்லை.

டாக்டர் மாத்திரையை நிறுத்தினார்.
அசைவு நிற்கலாம், நிற்காமலும் போகலாம் என்றார்.
அவர் உதடு மிகத் தெளிவு.

ஏழு மாதம் ஆயிற்று.
தேவாலயத்தில் காப்பி ஊற்றும் நேரம்
கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.
பொத்தினால் எனக்கு அவள் இல்லை.

வீட்டில் ஓர் ஒப்பந்தம்:
பேசும்போது என் மணிக்கட்டைத் தொடுவாள்.
தொடாதபோது அசைவது
மாத்திரையின் பேச்சு.

நேற்று விளக்கணைக்கும் முன்
தொடாமலே நெடுநேரம் அசைந்தது உதடு.
நடுவில் ஒன்று என் பெயர் மாதிரி இருந்தது.

கேட்கவில்லை.
கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து
அவள் பக்கமாக வைத்தேன்.