முட்டி தலையசைக்கும் மொழி

"அவளிடம் சொல்லுங்கள்" என்று
என் முகம் பார்த்தே ஆரம்பித்தார் டாக்டர் லாரோக்கா.
நாற்காலியை அவர் தோளுக்குப் பின்னால் இழுத்துப்போட்டேன்.
இனி என்னைப் பார்த்தால் கழுத்து சுளுக்கும்.

எதிரே நெலிதா.
கோட்டில் ரொட்டிக்கடை மாவு, கக்கத்தில் மாத்தே தெர்மாஸ்.
மொன்தேவிதேயோ முழுக்க அப்படித்தான் நடக்கிறது என்றாலும்
தெர்மாஸை இறக்காமல் ஒற்றைக் கையால்
சண்டையும் போடத் தெரிந்தவள் இவள்.

வலது மணிக்கட்டு எலும்பில் கட்டி.
படத்தில் சோப்பு நுரை மாதிரி.
வெட்டியெடுத்துத் தகடு வைத்து இறுக்கினால்
திரும்ப வருவது அரிது. மணிக்கட்டு மடியாது.
சுரண்டியெடுத்துச் சிமென்ட் அடைத்தால் மடியும்.
ஆனால் நாலு பேரில் ஒருவருக்குத் திரும்ப வரும்.
"நானாக இருந்தால் முதலாவது.
விரல்கள் அப்படியே இருக்கும், பேச்சுக்குப் பாதிப்பில்லை."

அதையும் மொழிபெயர்த்தேன்.
அதற்குத்தான் சம்பளம்.

நெலிதா தெர்மாஸை இறக்கினாள்.
வலது கையை முட்டியாக்கி மேசைமேல் நிறுத்தி
மணிக்கட்டில் இரண்டு முறை தலையசைக்க வைத்தாள்.
"இது என்ன சொல், தெரியுமா?"
குரல் என்னுடையது, கேள்வி அவளுடையது.
தெரியவில்லை அவருக்கு.
"ஆம். இதுதான் 'ஆம்'.
நீங்கள் இறுக்கப்போகும் இடத்தில்தான் மடிகிறது."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது.
நாக்கை அழுத்தும் மரச்சில் இரண்டை எடுத்து
தன் மணிக்கட்டில் வைத்துத் துணி சுற்றினார் டாக்டர்.
முயன்றார். தோளோடு சேர்ந்து ஆடியது முட்டி,
யாரையோ குத்தப்போகிறவர்போல.
நெலிதாவின் சிரிப்புக்குச் சத்தம் உண்டு,
வரவேற்பறைவரை கேட்டிருக்கும்.

கட்டை அவிழ்க்காமலே
முதன்முறையாக அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார்:
"எது போனால் உங்களுக்குத் தாங்காது?"

நிறையச் சொன்னாள். மாவு மூட்டை அதில் இல்லை.
தெருவுக்கு அந்தப்புறம் நிற்கும் மகனை அதட்டுவது இருந்தது.
இருட்டில், கணவன் உள்ளங்கைக்குள்
கை வைத்துப் பேசுவது இருந்தது.
அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.
இறக்காதே என்று கையசைத்தாள்.

"அந்த நாலில் ஒருத்தி நானானால்?"
"மறுபடி வெட்ட வேண்டும். அப்போது
இன்னும் கூடுதலாக எலும்பு போகலாம்."
அவர் சர்க்கரை சேர்க்கவில்லை.
நானும் சேர்க்கவில்லை.

பத்து நாள் கேட்டாள். அதற்குமேல் எலும்பு பொறுக்காது என்றார்.

பத்தாம் நாள் வந்து
சுரண்டும் சிகிச்சையின் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.
"நிச்சயமா?"
இடது முட்டி எழுந்து, கோணலாகத்
தலையசைத்தது.
"பழகிக்கொண்டிருக்கிறேன், அந்த ஒருத்திக்காக."
பிறகு வலது கையால் கையெழுத்துப் போட்டாள்.

என்னைக் கேட்டிருந்தால்
தகடு என்றுதான் சொல்லியிருப்பேன்.
நல்லவேளை,
யாரும் என்னைக் கேட்கவில்லை.