பெட்டி எண் 31

ஞாயிறு நாலரை மணி. மழை விட்டிருந்தது.
ஆலையின் புளித்த செம்பனை வாடை
ஏழாங்கட்டை முழுக்க ஏறி
எங்கள் துணிக்கொடி வரைக்கும் வந்துவிட்டது.
தனபாலன் மோட்டாரை உள்ளே ஏற்றி நிறுத்துகிறான்,
ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே தொடங்கிவிடுகிறான்.

என் வீட்டுக்காரர் ஒரு கட்சி. என் தம்பி ஒரு கட்சி.
நான் மைலோ கலக்குகிற கட்சி என்று
இருவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.
போன முறை யாருக்குப் போட்டேன் என்பது
எனக்கும் அந்த அட்டைத் தடுப்புக்கும் தெரியும்.

மேசைமேல் நிர்வாகத்தின் கடிதம்.
தோட்டம் கைமாறிவிட்டது. தொண்ணூறு நாள்.
மலாயில் மூன்று பத்தி, கடைசியில் ஒரு தெரிமா காசி.

“ஒய்.பி. வந்து பேசினாருல்ல?” இவர்.
“பேசினாரு மச்சான். கோழிப் பிரட்டலும் சாப்பிட்டாரு.”
அப்புறம் தமிழ்ப்பள்ளி, அப்புறம் கோயில் நிலம்,
அப்புறம் எவன் எவனுக்குக் கொடி பிடித்தான் என்பது.
மேசையில் கை விழ விழ
குவளைகள் ஒன்றையொன்று தொட்டு நடுங்கின.
“எல்லாத்துக்கும் காரணம் அவங்க ஆளுங்க...”
என்று அவன் தொடங்கியபோது

கால்வாயிலிருந்து ஏறியது உடும்பு.
வாலையும் சேர்த்தால் ஆள் நீளம்.
நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைப் படித்துக்கொண்டு,
சம்பள நாளில் பெரிய கிராணி வருவதுபோல
யாரையும் பார்க்காத நடை.
தனபாலன் இரண்டு காலையும் தூக்கி
நாற்காலியில் வைத்துக்கொண்டான்.
இவர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.
வேலிக்கு அப்பால் ஜமிலா அக்கா
“பியாவாக்! பியாவாக்!” என்று கத்திக்கொண்டே
குஞ்சுகளைக் கூடையால் கவிழ்த்தாள்.
“தம்பி, கல்லெடு!” என்றாள், அரைத்தமிழில்.
எடுத்தான்.
எறியவில்லை. அது கொய்யாவைச் சுற்றி
செடிகளுக்குள் போகும்வரை
கல்லைக் கையில் வைத்திருந்தான்.

அந்த வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை.
மறந்தானா, விட்டானா, நான் கேட்கவில்லை.
கடிதம் அங்கேயேதான் இருந்தது;
அதன்மேல் புதிதாய் ஒரு மைலோ வட்டம்.

கிளினிக்கில் கட்டு மாற்றுவது என் வேலை, இருபத்தாறு வருடமாய்.
சர்க்கரைப் புண்ணைத் திறந்தே வைத்தாலும் ஆறாது,
மூடியே வைத்தாலும் ஆறாது.
வீட்டுக்கு வந்தால் மட்டும்
எந்த நேரம் எதற்கு என்று தெரிவதில்லை.
இவர்கள் கத்தும்போது தேன்சிட்டைப் பார்க்கிறேன்,
தேன்சிட்டைப் பார்க்கும்போது
பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்றிருக்கிறது.

இருட்டியது. பின்வேலிக்கு அந்தப் பக்கம்
இரும்புக் கம்பத்தின்மேல் கூகைப் பெட்டி.
எலி பிடிக்க நிர்வாகம் வைத்தது.
வெள்ளைச் சாயத்தில் எண் 31.
“கூகைக்கு வீடு கட்டினவன்தான்
நமக்குக் கடுதாசி கொடுத்தான்.”
“அதுக்கு எலி பிடிக்கத் தெரியும்டா.”
“நாம மூணு தலைமுறையா என்ன பிடிச்சோமாம்?”
மூவரும் சிரித்தோம், வயிறு வலிக்க.
சிரிப்பு முடிந்த இடத்தில்
யாருக்கும் அடுத்த சொல் கிடைக்கவில்லை.
அப்போது அது வெளியே வந்தது:
அறுத்த ஜம்புக்காய் போல வெளுத்த முகம்,
சத்தமே இல்லாத இறக்கை.

போகும்போது வாசலில் கேட்டான்:
“வியாழக்கிழமை லேபர் ஆபீசுக்கு வர்றியாக்கா?”
“காலை ஷிப்ட். மாத்திக்கிறேன்.”
இவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்து
“நானும் வரேன்னு சொல்லு” என்றார், என்னிடம்.

பத்து மணிக்கு வாட்சாப்பில் இரண்டு வந்தன.
ஒன்று, யாரோ எழுதி எல்லோரும் அனுப்புகிற நீளக் கட்டுரை.
அதன் கீழே: “பெட்டியில குஞ்சு இருக்கா பாரு.”

முதலாவதைக் காலையில் படிப்பேன்.
டார்ச் இல்லாமல் வேலியோரம் போய் நின்றேன்.
உள்ளிருந்து சீறல், கெட்டிலில் ஆவி பிரிவதுபோல.
இரண்டு இருக்கும். மூன்றோ.
இவற்றுக்கு இறக்கை முளைக்க எத்தனை நாள் ஆகும் என்று
விரல்விட்டு எண்ணத் தொடங்கி,
தொண்ணூறிலிருந்து கழித்துக்கொண்டிருந்தேன்.