மதிப்பீட்டுப் படிவம்

பல்கலைக்கழகம் அனுப்பிய தாளில்
ஒன்பது கட்டங்கள்.
நேரந்தவறாமை. உடை. நோயாளியிடம் பேசும் முறை.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும்.
கிளினிக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரவு ஒன்பதரைக்கு உட்கார்ந்திருக்கிறேன்.
எதிர்க் கோப்பிக்கடையில் நாற்காலிகளைக் கவிழ்க்கிறார்கள்.
பகாவ் முழுக்கச் செம்பனை ஆலையின் புளித்த வாடை.

காய் சின், ஈப்போக்காரி, நான்காம் ஆண்டு.
இரண்டு வாரம் என்னோடு இருந்தாள்.
முதல்நாள் என் பக்கத்தில் நாற்காலி போடவில்லை.
கோட்டைக் கழற்றிவிட்டு, எண் வாங்கிக்கொண்டு
வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.
நாற்பத்து மூன்றாம் எண்.
இரண்டு மணி பத்து நிமிடம் கழித்து உள்ளே வந்தாள்.
"என் பக்கத்திலிருந்த நேப்பாளிக்கு அரைநாள் சம்பளம் போச்சு டாக்டர்.
எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை."
இதற்கு எந்தக் கட்டம்?

கைகழுவ நன்றாகக் கற்றிருந்தாள்.
ஏர்கோனில் சில்லிட்ட விரலை வயிற்றில் வைத்தால்
வலியில்லாதவனும் துள்ளுவான் என்பது தெரியாது.
தேய் என்றேன். தேய்த்தாள்.
வலிக்கு அவளிடம் "சாக்கிட்" என்ற ஒரே சொல்தான் இருந்தது.
குத்துதா, குடையுதா, கடுக்குதா, இழுக்குதா என்று
மருந்துச்சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.
"குடையுதா"வை மட்டும் கடைசிவரை
"கொடையுதா" என்றாள்.
நோயாளிகள் திருத்தினார்கள்; திருத்தியபடியே
மற்றதையும் சொன்னார்கள்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
சன்னாசி, ஐம்பத்திரண்டு, பழம் வெட்டுகிறவர்.
காய்ச்சல், உடம்பு உளைச்சல், எம்.சி. வேண்டும்.
வெளியே முப்பது பேர்.
எம்.சி. கேட்கிறவரை நான் எப்படிப் பார்ப்பேன் என்று
எனக்கே தெரியும்:
முகத்தைப் பார்ப்பேன், அடுத்து காலண்டரை.
பனடோல். இரண்டு நாள் ஓய்வு. அடுத்த எண்.

திங்கட்கிழமை பாப்பம்மா அவரைத் தாங்கிக்கொண்டு வந்தார்.
கண் மஞ்சள். சிறுநீர் நின்றுபோயிருந்தது.
கெண்டைக்காலைத் தொட்டதும் கத்தினார்.
எலிக்காய்ச்சல்.
கையில் முள் கீறல், தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர்:
எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான்.

அந்த நிமிடம் அவளை ஏதாவது சாக்கில்
ஸ்டோருக்கு அனுப்பியிருக்கலாம்.
கைகூட உயர்ந்தது.
பக்கத்தில் வா என்றேன்.
"வெள்ளிக்கிழமையே நான் கண்டுபிடிச்சிருக்கணும்மா.
சரியாப் பாக்காம அனுப்பிட்டேன்."
பாப்பம்மா என்னைத் திட்டவில்லை.
தூக்குச்சட்டியைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.
"இப்ப எங்க கூட்டிட்டுப் போகணும்?"
காய் சின்னுக்குத் தமிழ் புரியாது.
நான் சொன்னதை நானே மலாயில் சொன்னேன்,
ஒரு சொல்லும் குறைக்காமல்.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

குவாலா பிலாவில் இருக்கிறார்.
சிறுநீரகம் இன்னும் முழுசாய்த் திரும்பவில்லை.
தினமும் ஆறு மணிக்கு வார்டுக்குப் போன் போட்டு
கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டு
என் காலண்டரில் எழுதுகிறாள்.
நான் சொல்லிச் செய்ததில்லை.
இன்றைய எண் பஸ்ஸிலிருந்து வந்தது. நானே எழுதினேன்.

வட்டமிடுகிறேன்: நான்கு, ஐந்து, நான்கு.
கோட்டில் எப்போதும் காப்பிக் கறை; உடைக்கு மூன்று.

மதியம் இதே தாளை அவளிடம் நீட்டி,
பின்பக்கம் காலியாயிருக்கு, எனக்கும் மார்க் போடு என்றேன்.
முடியவே முடியாது என்றாள்.
ஐந்து மணிக்கு, பையை மாட்டிக்கொண்டு,
தாளை மேசையில் கவிழ்த்து வைக்காமல் நேராக வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போதுதான் திருப்புகிறேன்.
எண் இல்லை, வட்டம் இல்லை.
மலாயில் இரண்டு வரி:

வெள்ளிக்கிழமை, இருபத்தோராம் எண். கெண்டைக்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.
நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.