நாலு நிமிஷம்

ரீகாவில் ஈரப்பனி.
ஐந்து பத்துக்குக் கிளம்பும் முதல் டிராம் என்னுடையது.

நாள் தள்ளிப் பதினேழு நாள்.
தெரிந்தது எனக்கும்
குளியலறைக் குப்பைக்கூடைக்கும்தான்.

பாலம் ஏறும்போது அடிவயிற்றில்
இடப்பக்கம் சுருக்கென்றது.
ஊசி இல்லை, நூல்.
உள்ளிருந்து யாரோ
தையலை இழுத்துப் பார்க்கிற மாதிரி.
அப்புறம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததுதான் பயம்.

“கருப்பை இடம் பண்ணுகிறது.
ரத்தம் கண்டால் உடனே வந்துவிடுங்கள்.”
போனில் ஒரு நர்ஸ்.
என் பெயரைக் கேட்கவில்லை, நல்லவள்.

வலியா, வாயுவா,
ராத்திரி குடித்த பீட்ரூட் சூப்பா?
நிறுத்தத்துக்கு நிறுத்தம் விசாரணை.
சீருடைப் பொத்தான் மார்பில் பட்டாலே கூசுகிறது.
கதவு திறந்தால் நனைந்த கம்பளி,
யார் பையிலோ சூடான கம்பு ரொட்டி.
போன வாரம்வரை எனக்குப் பிடித்த வாசம்
தொண்டைக்குழியில் வந்து நிற்கிறது.
மூச்சை அடக்கிக் கதவை மூடுகிறேன்.

சந்தை வளைவில் ஒரு தண்டவாள இணைப்பு
எப்போதும் தூக்கிப்போடும்.
ஒன்பது வருஷம் சட்டை செய்ததில்லை.
இன்று நடைவேகத்தில் கடந்தேன்.
நின்றவர்கள் கம்பியைத் தேடவில்லை,
ஒருத்தியின் காப்பி சிந்தவில்லை,
யாரும் ஏன் என்று நிமிரவில்லை.

டிப்போவில் குனார்ஸ்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.
“நாலு நிமிஷம், விஸ்மா.”
“தண்டவாளம் ஈரம்,” என்றேன்.

கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டேன்.
காகிதம் வெள்ளை.
விளக்கடியில் பிடித்து
இன்னொரு தடவை பார்த்தேன்.
வெள்ளை.

அடுத்த சுற்று ஆறு நாற்பதுக்கு.