ஐந்து ஈய எழுத்துகள்

கைப்பிரதி ஒரே தாள்தான்.
மார்புர்க் நூலக நிலவறையில்
கையுறை மாட்டித்தான் தொடவேண்டும்.
பழுப்பேறிய மை. மூலையில் மெழுகு சொட்டிய தழும்பு.
'சொன்னவள்: அப்போலோனியா க்ரூக்,
கரிமூட்டம் போடுபவன் மனைவி.
கூலி: ஒரு நூல்கண்டு.'

கதை சின்னது.
தானியம் கதிரிலேயே கறுத்துப்போன வருஷம்.
ஒரு தாய் தன் மகனை
உறைந்த ஆற்றங்கரையில் நிறுத்துகிறாள்.
அசையாதே, ரொட்டி வாங்கி வருகிறேன்
என்று சொல்லி, அழுதுகொண்டே போகிறாள்.
அவன் அசையவில்லை.
பனி முழங்காலுக்கு ஏறுகிறது.
மரத்துப்போன காலை மடக்கிக்கொள்கிறான்.
கழுத்தை நீட்டி நீட்டி வழி பார்க்கிறான்.
பார்த்துப் பார்த்தே
நாரையாகிவிடுகிறான்.

இந்த இடத்தில்
எழுதிக்கொண்ட குமாஸ்தா, லேபெரெக்ட் ஸ்டுக்,
விளிம்பில் பொடியாய்க் குறித்திருக்கிறார்:
'நிறுத்தினாள். தண்ணீர் கேட்டாள்.
பிள்ளைகள் எத்தனை என்றேன்.
மூன்று என்றாள்.
பிறகு, இரண்டு என்றாள்.'

முதற்பதிப்பு அறுநூறு படிகள், மட்டமான தாள்.
விளிம்பில் இருந்தது அச்சேறவில்லை.
பாதி விற்றது. மீதியை எலி வாசித்தது.
பாதிரியார் மனைவி ஒருத்தி கடிதம் போட்டாள்:
எந்தத் தாயும் இப்படிச் செய்யமாட்டாள், ஐயா.
என் கடைக்குட்டி இப்போதெல்லாம்
என் முந்தானைக் கயிற்றை
விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறான்.

இரண்டாம் பதிப்பில்
யோஸ்ட் வீகாண்ட் என்ற அச்சுக்கோப்பாளர்
தாய் என்ற சொல்லுக்கு முன்னால்
ஐந்து ஈய எழுத்துகளைச் செருகினார்.
ஜெர்மன் மொழியில் மாற்றாந்தாய்க்கு
அவ்வளவுதான் செலவு.
வரி நீண்டுவிட்டது. இடம் பிடிக்க
'அழுதுகொண்டே' என்பதை உருவி எடுத்து
பெட்டியில் போட்டார்.

பிறகு எல்லாம் சுலபம்.
நாலாம் பதிப்பில் ரொட்டியில் நஞ்சு.
ஏழாவதில் நாரைக்கு ஓர் இளவரசி,
அவளுக்குச் சுண்ணாம்புக் காளவாய்.
நூறு வருஷம் கழித்து
மார்கரின் பொட்டலத்துக்குள் வண்ண அட்டையாய் வந்தாள்,
இருபத்துநாலில் பதினொன்றாவது.
மூக்கு கோணல்.

நேற்று தேவாலயப் பதிவேட்டில் தேடினேன்.
க்ரூக் வீட்டில் ஞானஸ்நானம் மூன்று.
இரண்டு பெயருக்கு எதிரே
கல்யாணம், பேறு, அடக்கம்
என்று வரிசையாய் மை ஓடுகிறது.
லோரென்ட்ஸ் என்பவனுக்கு எதிரே
கோடு கூடப் போடவில்லை.

மணி ஐந்து.
விளக்கை அணைக்க ஃப்ராவ் டீட்ஸ் வந்து நிற்கிறாள்,
சாவிக்கொத்தைக் குலுக்கியபடி.
தாளை உறைக்குள் வைக்கும்போது
மறுபடி கண்ணில் படுகிறது:
ஒரு நூல்கண்டு.
கொடுத்ததை எழுதியவர்
அவள் வாங்கிக்கொண்டாளா என்று
எழுதவில்லை.