பூஜ்ய நீளமுள்ள விளிம்பு

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா பதின்மூன்று.
இரவு ஒன்றே கால்.
ஏ.சி. சொட்டும் இடத்தில் பெயின்ட் வாளி.
அது நிறைய இன்னும் நாலு விரற்கடை.

திரையில் ஒரு ஃபிளாஸ்க்கின் மூக்கு.
உம் சைஃப் அம்மாள் கேட்டது இதுதான்:
தல்லா கூஜா மாதிரி வளைய வேண்டும்,
பிளாஸ்டிக் என்று தெரியக் கூடாது.
அவர் மகன் வரைந்து அனுப்பிய ஃபைல்.
பார்க்க அழகு.
தைத்தால் சேராது.

நூற்று நாற்பத்தியொரு சர்ஃபேஸ்.
மொத்தமாகத் தேர்ந்து, தை என்றேன்.
கொஞ்ச நேரம் யோசித்தது.
நிரம்பிய உடல் கேட்டவனுக்கு
வெறும் தோலைத் தந்தது.

முதலில் இடைவெளியைத்தான் சந்தேகித்தேன்.
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று மூன்று மில்லிமீட்டர்.
டாலரன்ஸைத் தாராளமாக உயர்த்தியதும் ஒட்டியது.
வரிக்குதிரைக் கோடுகளை மேலே ஓட விட்டேன்.
நுனியிலிருந்து ஒழுங்காக வந்த கறுப்பும் வெள்ளையும்
கைப்பிடி சேரும் இடத்தில்
பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல
திசைக்கொன்றாய் நின்றன.
பாலிஷ் போட்ட ஸ்டீலில் இது மறையாது.
லட்சம் ஃபிளாஸ்க் அடித்தால்
இதே சுருக்கம் லட்சம் முறை பிறக்கும்.
பின்வாங்கினேன்.

ஃபில்லட் மூன்று மில்லி. மாட்டேன் என்றது.
இரண்டரை. மாட்டேன்.
ஒன்று புள்ளி எட்டு. சம்மதித்துவிட்டு
உள்பக்கமாகத் தன்னைத்தானே வெட்டிக்கொண்டது.
சாய்வைச் சோதித்தால் மூக்குக்கு அடியில் சிவப்பு.
சிவப்பென்றால் அச்சு பொருளை விடாது,
திறக்கும்போது பிய்த்துக்கொண்டு போகும்.

கீழே மெஷின் ஷாப்பிலிருந்து இர்ஃபான்:
"பாய், ஸ்டீலை டேபிளில் ஏற்றியாச்சு.
எட்டு மணிக்குள்ள டூல் பாத் கொடு."
எழுநூற்றுப் பத்து கிலோ
படுத்துக் காத்திருக்கிறது.
எனக்கு ஒரு மூலை சரியாகவில்லை.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை
இப்போது செய்தேன்.
ஒவ்வொரு சர்ஃபேஸாக மறைத்துக்கொண்டே போனேன்.
தொண்ணூற்றேழாவது,
சுண்டுவிரல் நகம் அளவு.
விளிம்புகள் நான்கு என்றது பட்டியல்.
பதினொன்று புள்ளி இரண்டு.
ஒன்பது புள்ளி ஆறு.
பத்து புள்ளி ஒன்பது.
பூஜ்யம்.

முக்கோணத் துண்டு ஒன்றை
நாற்புறம் உள்ளதாகக் கணக்குக் காட்டி
யாரோ மூட்டியிருக்கிறார்கள்.
வலைக்கோடுகள் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து
நெரிந்து நிற்கின்றன.
நீளமே இல்லாத விளிம்பு,
பட்டியலில் மட்டும் இருக்கிறது.

எங்கள் அறை ஃப்ரிட்ஜில்
சமையல் முறை எழுதி ஒட்டிய தாள்.
வியாழன்: பெனடிக்ட் குரூஸ்.
விசா கேன்சலாகிப் போய் ஐந்து மாதம்.
பெயரை யாரும் அடிக்கவில்லை.
வியாழக்கிழமைகளில் மூன்று பேரும்
ஒருவருக்கொருவர் சொல்லாமல்
ஆளுக்கொரு பரோட்டா பார்சலோடு வந்து சேர்கிறோம்.

துண்டை அழித்தேன்.
கூர்முனையிலிருந்து ஒன்றரை மில்லி தள்ளிக் கோடு போட்டு
நன்றாக இருந்த பக்கத்துச் சர்ஃபேஸையும் வெட்டினேன்.
கை கூசியது.
ஓட்டை முன்னைவிடப் பெரிதாயிற்று,
ஆனால் இப்போது நிஜமாகவே நாலு பக்கம்.
அக்கம்பக்கத்து வளைவோடு ஒத்துப் போ என்று
புதுத் துண்டைப் பரப்பினேன்.
தைக்கவில்லை.
ஒரு பக்கம் திசை மாறிக் கிடந்தது.
திருப்பிவிட்டுத் தைத்தேன்.

உடலாயிற்று.
கோடுகள் மூக்கிலிருந்து கைப்பிடிக்கு
தடுக்காமல் ஏறின.
மூன்று மில்லி ஃபில்லட்
கேட்டதும் சரி என்றது.

அடியில் சிவப்பு அப்படியே இருக்கிறது.
அதற்குப் பக்கவாட்டில் ஸ்லைடு வைக்க வேண்டும்,
எட்டாயிரம் திர்ஹம் கூடும், மேனேஜர் கத்துவார்.
அது காலைக் கணக்கு.
மேல்பாதிக்கு மட்டும் பாத் எடுத்து
இர்ஃபானுக்கு அனுப்பினேன்.
ஃபைல் பெயர்: மூக்கு கடைசி ஏழு.

வாளி வழிந்திருந்தது.
ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்தேன்.
இன்று வியாழன்.
சாயங்காலம் போகிற வழியில்
வெங்காயம் வாங்க வேண்டும்.